செயற்கைக்கோள் புவி நோக்கல்: இந்தியாவில் பயிற்சி வகுப்புகளும் மாநாடுகளும் வளர்ந்த வரலாறு

செயற்கைக்கோள் புவி நோக்கல் என்பது, விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களில் பொருத்தப்பட்ட உணரிகளைக் கொண்டு நிலம், நீர், பயிர், காடு, கடல், வளிமண்டலம் ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்து ஆராயும் துறையாகும். பாடநூல்களில் இது தொலை நுண்ணுணர்வு என்றும், அலுவலக வழக்கில் ரிமோட் சென்சிங் என்றும் குறிப்பிடப்படுகிறது. செயற்கைக்கோளை ஏவுவது இத்துறையின் பாதி வேலை மட்டுமே. அது அனுப்பும் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவது மறு பாதி. ஏவுதல் நாளில் கைதட்டல் கிடைக்கிறது. பயிற்சி வகுப்புக்கு அது கிடைப்பதில்லை. ஆயினும் இந்தியாவில் பயிற்சி நிறுவனம்தான் முதலில் தோன்றியது. நாட்டின் முதல் புவி நோக்குச் செயற்கைக்கோள் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே விண்ணுக்குச் சென்றது.

ஒரு படத்தைப் படிப்பது எப்படி?

பயிற்சியின் தேவையை விளக்க, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி நல்ல எடுத்துக்காட்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று பலவும் இங்கே செய்யப்பட்டு வருகின்றன. இவை வருவதற்கு முன் இப்பகுதி ஏரிப்பாசன நாடு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், மணிமங்கலம், செம்பரம்பாக்கம் என்று ஊருக்கு ஊர் ஏரி உண்டு. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரி நீர் கீழ் ஏரிக்குப் போகும். இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை அந்த ஏரிகள்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த பழைய படங்கள் 2008 முதல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தால் இப்பகுதியின் மாற்றம் முழுவதும் தெரியும். ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். இத்தகைய படங்களைப் பொய்வண்ணப் படமாகக் காட்டுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் சிவப்பு நிறத்தில் காட்டுவார்கள். செழித்த நெல்வயல் அகச்சிவப்பை மிகுதியாக எதிரொளிப்பதால் செக்கச்செவேலென்று தெரியும். தண்ணீர் அதை உறிஞ்சிவிடுவதால் ஏரி கருநீலமாகவோ கறுப்பாகவோ தெரியும். தொழிற்சாலைக் கூரை வெளிறிய நீலமாகவோ பளிச்சென்ற வெள்ளையாகவோ தெரியும். இதை அறியாதவர் சிவப்பைக் கண்டு செம்மண் என்று முடிவுகட்டிவிடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் இந்த ஏரிகள் விரிந்து கிடக்கும். அடுத்த மே மாதத்தில் பல சிற்றேரிகள் வற்றி, தரை வெடித்துக் கிடக்கும். மே மாதப் படம் ஒன்றை மட்டும் வைத்து நிலப்பயன்பாட்டு வரைபடம் தயாரித்தால், வற்றிய ஏரியின் படுகை தரிசு நிலம் என்று பதிவாகிவிடும். வரைபடத்தில் தரிசு என்று ஏறிவிட்ட ஏரியை மீட்பது எளிதல்ல. பயிற்சி பெற்றவர் ஒரே இடத்தின் படங்களைப் பல பருவங்களில் எடுத்துப் பார்ப்பார். கரையின் வளைந்த கோட்டைத் தேடுவார். கிராம வரைபடத்தோடு ஒப்பிடுவார். கடைசியில் நேரில் போய்க் கரையில் நின்று சரிபார்ப்பார். புவி நோக்கல் பயிற்சியின் சாரம் இந்த நான்கு வேலைகளில் அடங்கிவிடும்.

சென்னையில் தொடங்கிய அளவை மரபு

நிலத்தை அளக்கக் கற்றுக்கொடுக்கும் மரபு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1794ஆம் ஆண்டு மே மாதம், சென்னைக் கோட்டைக்கு அருகே மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் பணியின் தொடக்கம் அது. அதற்கும் வெகு காலம் முன்பே, இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைக் குறிப்பிடுகின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் இருந்தது என்பதற்கு அக்கல்வெட்டுகள் சான்று.

டேராடூன்: முதல் பயிற்சிக்கூடம்

வானிலிருந்து எடுத்த படத்தைப் படிக்கும் கலை இரண்டு உலகப் போர்களின்போது வேகமாக வளர்ந்தது. போர் முடிந்தபின் அதை அமைதிப் பணிகளுக்குப் பயன்படுத்தும் எண்ணம் எழுந்தது. நெதர்லாந்தின் முன்னாள் பிரதமரும் வான்பட அளவைப் பேராசிரியருமான வில்லெம் ஸ்கெர்மர்ஹார்ன், 1950இல் டெல்ஃப்ட் நகரில் ஐ.டி.சி. என்னும் பன்னாட்டுப் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். வளரும் நாடுகளின் அளவையாளர்கள் அங்கே சென்று பயின்றனர். 1957இல் நெதர்லாந்து சென்ற பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் பயணத்தின்போது, இந்தியாவிலும் அப்படியொரு நிறுவனம் வேண்டும் என்ற எண்ணம் உருவானது.

அதன் பயனாக, 1966 ஏப்ரல் 21ஆம் நாள் இந்திய அளவைத் துறையின் கீழ், நெதர்லாந்து அரசின் ஒத்துழைப்போடு, டேராடூனில் இந்திய வான்பட விளக்க நிறுவனம் தொடங்கப்பட்டது. மண்ணியல், காட்டியல், நிலவியல், நீரியல் ஆகிய துறைகளின் அலுவலர்கள் ஒரே இடத்தில் அமர்ந்து வான்படங்களைப் படிக்கப் பழகினர். ஒரே இடத்தைச் சற்று இடம்மாறி எடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் கருவியின் கீழ் வைத்துப் பார்த்தால், மேடும் பள்ளமும் உருண்டு திரண்டு எழும். அக்காலத்து வகுப்புகளின் முதல் பாடம் அதுதான். இந்நிறுவனமே பின்னாளில் இந்தியத் தொலை நுண்ணுணர்வு நிறுவனம் என்று பெயர் மாறி, இன்று இஸ்ரோவின் ஓர் அங்கமாக இயங்குகிறது.

1969இல் இத்துறையினருக்கான சங்கம் தோன்றியது. வான்பட விளக்கச் சங்கமாகத் தொடங்கிய அது இன்று இந்தியத் தொலை நுண்ணுணர்வுச் சங்கம் எனப்படுகிறது. பயிற்சி முடித்துத் தத்தம் அலுவலகத்துக்குத் திரும்பியவர்கள் மீண்டும் கூடிப் பேசவும், தவறுகளை ஒப்பிடவும், புதிய முறைகளைக் கேட்டறியவும் அதன் கருத்தரங்குகள் வாய்ப்பளித்தன.

தென்னையும் ஹெலிகாப்டரும்

இந்தியாவில் தொலை நுண்ணுணர்வின் முதல் பெரிய சோதனை கேரளத் தென்னந்தோப்புகளில் நடந்தது. தென்னை வேர்வாடல் நோய் விவசாயிகளை வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1970இல் பி. ஆர். பிஷாரோட்டி தலைமையிலான குழு, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளைக் கொண்டு தோப்புகளைப் படமெடுத்தது. நோயுற்ற மரங்களின் மட்டைகள் அகச்சிவப்பை எதிரொளிக்கும் விதம் மாறுவதால், அவை படத்தில் வேறு நிறத்தில் தெரிந்தன. இந்தியத் தொலை நுண்ணுணர்வின் தந்தை என்று பிஷாரோட்டி போற்றப்படுகிறார். பாலக்காட்டுக் கொல்லங்கோட்டில் பிறந்த அவர் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்தவர்.

1972 ஜூலை 23ஆம் நாள் அமெரிக்கா லேண்ட்சாட்–1ஐ ஏவியது. 1974இல் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தேசியத் தொலை நுண்ணுணர்வு முகமை அமைக்கப்பட்டது. 1979 முதல் ஐதராபாத் அருகே சாத்நகர் தரை நிலையத்தில் லேண்ட்சாட் படங்கள் நேரடியாகப் பெறப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள், இந்தியாவின் முதல் சோதனைப் புவி நோக்குச் செயற்கைக்கோளான பாஸ்கரா–1 சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் கே. கஸ்தூரிரங்கன். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகல நிலத்தை ஒரு புள்ளியாகக் காட்டியது பாஸ்கரா. சிற்றூர் ஏரிகளை அதில் பிரித்தறிவது கடினம்.

1988 மார்ச் 17ஆம் நாள் ஐ.ஆர்.எஸ்.–1ஏ ஏவப்பட்டதும் நிலைமை மாறியது. அதன் ஒரு கேமரா 72.5 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காட்டியது. நம் கணக்கில் சொன்னால் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர். 1995 டிசம்பர் 28இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.–1சி, 5.8 மீட்டர் அளவுக்கு நுணுகியது. ஒரு புள்ளி ஒரு சென்ட்டுக்கும் குறைவு. படம் நுணுக நுணுக, அதைப் படிக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையும் பெருகியது. மாவட்ட அளவில் திட்டமிடுபவர், வனச்சரகர், வேளாண் அலுவலர், நீர்வளப் பொறியாளர் என்று பலரும் வகுப்புக்கு வந்தனர். பெங்களூரு, நாக்பூர், கரக்பூர், ஜோத்பூர், டேராடூன் ஆகிய ஐந்து இடங்களில் அமைந்த வட்டார மையங்கள் இப்பயிற்சியைப் பகிர்ந்துகொண்டன.

தமிழ்நாட்டில் 1982இல் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலை நுண்ணுணர்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. லாம்டன் அடிக்கோடு அளந்த பரங்கிமலை அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறைக்குத் தனி மையங்கள் உருவாயின. ரேடார் படங்களிலிருந்து நெல் பயிரிட்ட பரப்பையும் விளைச்சலையும் கணித்து, பயிர்க் காப்பீட்டுக்கு உதவும் பணியில் கோவைப் பல்கலைக்கழகம் குறிப்பிடத்தக்க பங்காற்றியுள்ளது.

ஐ.நா. மாநாடுகளும் ஆசிய மையமும்

விண்வெளி வல்லரசுகளின் கையில் மட்டும் இந்த அறிவு இருக்கக் கூடாது என்ற குரல், ஐக்கிய நாடுகளின் மாநாடுகளில் ஒலித்தது. 1982 ஆகஸ்டில் வியன்னாவில் நடந்த இரண்டாவது யுனிஸ்பேஸ் மாநாட்டின் பொதுச் செயலராகப் பணியாற்றியவர் இந்திய அறிவியலாளர் யஷ் பால். ஒரு நாட்டின் நிலத்தை மற்றொரு நாட்டின் செயற்கைக்கோள் படமெடுக்கலாமா, எடுத்தால் அப்படம் யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பவை அக்காலத்தில் சூடான கேள்விகள். 1986இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள், படமெடுக்கப்பட்ட நாடு பாகுபாடின்றி, நியாயமான விலையில் அதைப் பெறலாம் என்று கூறின.

படம் கிடைத்தாலும் படிக்க ஆள் இல்லாத நாடுகள் பல. ஆகவே வளரும் நாடுகளில் வட்டாரப் பயிற்சி மையங்களை அமைக்குமாறு 1990இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. அதன்படி, ஆசிய–பசிபிக் பகுதிக்கான விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி மையம் 1995 நவம்பர் 1ஆம் நாள் டேராடூனில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே முதல் வகுப்பு தொடங்கியது. ஒன்பது மாத வகுப்பை இந்தியாவில் முடித்த மாணவர், தம் நாட்டுக்குத் திரும்பி, தம் நாட்டுச் சிக்கல் ஒன்றையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதை முடித்தால் ஆந்திரப் பல்கலைக்கழகம் எம்.டெக். பட்டம் வழங்கும். இந்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. படித்தவர் வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல், சொந்த மண்ணின் படத்தைப் படிக்கும்படி அது அமைந்துள்ளது.

மாநாடுகளும் இதே காலத்தில் பரவின. ஆசியத் தொலை நுண்ணுணர்வு மாநாடு 1980இல் பாங்காக்கில் முதன்முதலாகக் கூடியது. ஆண்டுக்கு ஒரு நகரமாகச் சுற்றிவரும் அம்மாநாடு 1994இல் பெங்களூரிலும், 2008இலும் 2016இலும் கொழும்பிலும், 2017இல் புதுதில்லியிலும் நடைபெற்றது. 1910இல் தொடங்கிய பன்னாட்டு வான்பட அளவைச் சங்கத்தின் கருத்தரங்குகள் 2002இலும் 2014இலும் ஐதராபாத்தில் நடந்தன. இத்தகைய கூட்டங்களுக்கு முன்போ பின்போ இரண்டு மூன்று நாள் செய்முறைப் பயிற்சி நடத்தும் வழக்கம் உண்டு. ஆய்வுக்கட்டுரை வாசிக்கும் அரங்கைவிட, கணினி முன் அமர்ந்து பழகும் அந்த நாட்களே இளம் மாணவர்களுக்குக் கூடுதல் பயன் தருகின்றன எனலாம்.

2015: பாடம் வெளியே வந்த நாள்

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழை, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிகளை மாநிலம் முழுவதும் பேசவைத்தது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றில் பாய்ந்தது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்துச் சிற்றேரிகளின் உபரி நீரும் அதே ஆற்றை நோக்கியே வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் தொடங்கிச் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை வீடுகள் மூழ்கின.

அந்நாட்களில் வானம் முழுக்க மேகம். சாதாரணக் கேமரா கொண்ட செயற்கைக்கோள் மேகத்தின் முதுகை மட்டுமே காட்டும். ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். இந்தியாவின் ரிசாட்–1 என்னும் ரேடார் செயற்கைக்கோள் 2012 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டிருந்தது. ரேடார் படத்தில் திறந்தவெளியில் தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும். சமமான நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் எதிரொளித்துவிடுவதே காரணம். ஆனால் வீடுகளுக்கிடையே புகுந்த நீரை இப்படிக் கண்டுகொள்ள முடியாது. நீரில் பட்ட அலை சுவரில் மோதிச் செயற்கைக்கோளுக்கே திரும்புவதால், வெள்ளம் சூழ்ந்த தெரு சில நேரம் கூடுதல் வெளிச்சமாகவே தெரியும். கறுப்பைத் தேடுபவர் அந்தத் தெருவைத் தவறவிட்டுவிடுவார். மீட்புப் படகு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் வேளையில், இது தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. அதே நாட்களில் இணைய வரைபடம் ஒன்றில் பொதுமக்களே நீர் தேங்கிய தெருக்களைக் குறித்துவந்தனர். மேலிருந்து பார்த்த படமும் கீழிருந்து பார்த்த கண்ணும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் என்பதற்கு அது சான்றாயிற்று.

இன்றைய நிலை

இன்று படத்துக்குப் பஞ்சம் இல்லை. ஐரோப்பாவின் சென்டினல்–2 இணைச் செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை, 10 மீட்டர் நுணுக்கத்தில், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட்டுக்கு ஒரு புள்ளி வீதம், இலவசமாகப் படம் தருகின்றன. இந்தியாவின் புவன் இணையத்தளம் 2009 முதல் இயங்குகிறது. 2025 ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், 12 நாளைக்கு ஒருமுறை ரேடாரால் உலகின் நிலப்பரப்பை அளக்கவல்லது. அதன் தரவும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது.

பயிற்சியும் வீடு தேடி வருகிறது. டேராடூன் நிறுவனம் 2007 முதல் தொலைதூர வகுப்புகளை நடத்துகிறது. தொடக்கத்தில் எடுசாட் செயற்கைக்கோள் வழியாகவும், பின்னர் இணையம் வழியாகவும் நாடெங்கும் உள்ள கல்லூரிகள் இணைந்தன. இவ்வகுப்புகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, சான்றிதழும் உண்டு. தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புப் புவியியல் பாடத்திலும் தொலை நுண்ணுணர்வு இடம்பெற்றுள்ளது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு விண்வெளித் தொழில் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம்–வடகாலில் வானூர்தித் தொழிலுக்கான பூங்காவும் அமைந்துள்ளது.

குறை ஒன்று மட்டும் நிற்கிறது. இந்த வகுப்புகளும் மாநாடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய், ஆயக்கட்டு ஆகிய சொற்களை அறிந்த ஏரிப்பாசன விவசாயிக்கு, தன் ஏரியைப் பற்றிய வரைபடத்தில் எழுதியிருப்பது புரிவதில்லை. வரைபடம் தயாரிப்பவருக்கோ, இந்தக் கால்வாய் எந்த ஏரிக்குப் போகிறது என்று அந்த விவசாயி சொல்லக்கூடியது கிடைப்பதில்லை. இவ்விருவரும் ஒரே வகுப்பறையில் அமரும் நாளில்தான், 1966இல் டேராடூனில் தொடங்கிய முயற்சி முழுமை பெறும்.

உத்திரமேரூரின் ஏரி வாரியத்தார் தம் ஏரியைக் கரையில் நடந்து பார்த்தனர். இன்றைய ஒரகடத்து மாணவர் ஒருவர் அதே வேலையைக் கைப்பேசித் திரையிலும் செய்யலாம். தம் ஊர் ஏரியின் டிசம்பர் மாதப் படத்தையும் மே மாதப் படத்தையும் பத்து ஆண்டுகளுக்கு எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்து, பிறகு கரைக்குப் போய் நின்று சரிபார்த்தால், புவி நோக்கலின் முதல் பாடத்தை அவர் முடித்துவிட்டார் என்று பொருள்.